ஷோபானின் முதல் பலாடுக்குத் தயாராக எந்தப் பயிற்சித்துண்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும்?

பியானோத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டதாகவும், போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் ஜி மைனர் பலாடை (ஓபஸ் 23, அதாவது 23ஆம் எண் படைப்பு) இரண்டு ஆண்டுகளுக்குள் வாசித்துவிட விரும்புவதாகவும், அதற்கு முன்னால் எந்தெந்த எட்யூட்களை (ஒரு குறிப்பிட்ட கைத்திறனை வளர்க்க எழுதப்பட்ட துண்டுகளை)ப் பயில வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு அலைந்தவன் நான். கிடைத்த விடையை அப்படியே நம்பிப் பதினோரு மாதங்களைத் தொலைத்தேன் என்பதே இதற்குப் பதில் எழுத எனக்கு இருக்கும் தகுதி. நான் தொழில்முறைக் கலைஞன் அல்லன். அலுவலகம் முடிந்து வந்து நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பயிலும் ஒருவன்.

அப்போது இணையத்தில் எனக்குக் கிடைத்த பட்டியலில் ஓபஸ் 10இன் முதலாவது, நான்காவது, பன்னிரண்டாவது எட்யூட்கள் இருந்தன. மூன்றும் பேர்பெற்றவை, மூன்றும் கடினமானவை; ஆகவே இவற்றைக் கடந்துவிட்டால் பலாட் தானாக வசப்படும் என்று நினைத்தேன். முதலாவது எட்யூடில் வலக்கை ஓர் ஆக்டேவுக்கும் (எட்டு வெள்ளை விசைகளின் அகலத்துக்கும்) மேலாக விரிந்தபடியே விசைப்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறி இறங்க வேண்டும். என் கை சிரமப்பட்டுத்தான் ஒன்பது வெள்ளை விசைகளை எட்டும். நான்காம் மாதத்தில் மணிக்கட்டில் வலி தொடங்கியது. மூன்று வாரம் பியானோவைத் தொடவில்லை. ஒருவழியாக மூன்றையும் பாதி வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகு பலாடின் கோடாவை (முடிவுப் பகுதியை)த் திறந்தபோது, அதில் வரும் எந்த அசைவும் என் கைக்குப் பழக்கமானதாக இல்லை. 'புரட்சி எட்யூட்' என்று அழைக்கப்படும் பன்னிரண்டாவது, இடக்கையை ஓயாமல் ஓட வைக்கிறது. பலாடிலோ இடக்கை அவ்வாறு தொடர்ந்து ஓடும் இடங்கள் மிகக் குறைவு. இரண்டுக்கும் கொந்தளிப்பு பொதுவாக இருந்ததால் அசைவும் பொதுவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டது என் பிழை.

ஓபஸ் 10 வெளிவந்த ஆண்டு 1833, பலாட் வெளிவந்த ஆண்டு 1836. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கையிலிருந்து பிறந்தவை இவை. ஒன்று மற்றொன்றுக்குப் படிக்கட்டாக எழுதப்படவில்லை. கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: இந்த எட்யூட்கள் வர்ணத்தைப் போன்றவை, பயிற்சிக்கும் உதவும், மேடையிலும் நிற்கும், இவற்றைச் சரளி வரிசையாக எண்ணிக்கொண்டு தொடங்கக் கூடாது. ஷோபானே தம் மாணவர்களை எடுத்த எடுப்பில் இவற்றில் இறக்கிவிடவில்லை. அவரிடம் பயின்ற கரோல் மிக்குலி எழுதிவைத்திருப்பதன்படி, கிளமெண்டியின் பயிற்சிகள், கிராமரின் எட்யூட்கள், மோஷெலெஸ், பாக் என்று படிப்படியாக நடத்தி, மிகவும் தேறியவர்களுக்கு மட்டுமே தம் எட்யூட்களைக் கொடுத்தார். அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: ஜான் ஃபீல்டின் நாக்டர்ன்களையும் (பாடல்போல் ஒலிக்கும் மென்மையான துண்டுகள்) தம்முடைய நாக்டர்ன்களையும் அவர் ஒருவகைப் பயிற்சித்துண்டுகளாகவே பயன்படுத்தினார். என் பதிலுக்கு அடிப்படை இந்தச் செய்திதான். எட்யூட் என்ற தலைப்பு இருந்தால்தான் பயிற்சித்துண்டு என்பதில்லை. பலாடில் பாதிக்குமேல் தேவைப்படும் பயிற்சி எட்யூட் தொகுப்புகளுக்கு வெளியே இருக்கிறது.

எனவே பட்டியலைத் தேடுவதற்கு முன் பலாடின் இசைத்தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு அமருங்கள். மொத்தம் 264 பார்கள் (கோடுகளால் பிரிக்கப்பட்ட தாள அலகுகள்). பாதிக்கும் குறைவான வேகத்தில், அழகைப் பற்றிக் கவலைப்படாமல், இரண்டு மூன்று நாட்களில் முழுவதையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கை நின்றுபோகும் ஒவ்வொரு இடத்திலும், ஏன் நின்றது என்பதை ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதுங்கள்: தாவல், விரிவு, இரட்டைச் சுரம், மெட்டின் சமநிலை, வெறும் வாசிப்புத் தடுமாற்றம். கடைசி வகைக்குப் பயிற்சித்துண்டு எதுவும் வேண்டாம். மெதுவாக இருபது முறை வாசித்தாலே தீர்ந்துவிடும். மற்றவற்றுக்கு மட்டும் துணை தேடலாம். எடுக்கும் துண்டு அதே அசைவை இன்னும் இலேசான சுமையில் தர வேண்டும். எட்டு வாரங்களில் ஓரளவாவது முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கேட்டாலும் நீங்கள் வெட்கப்படாத அளவுக்குப் பிடித்ததாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பிடிக்காத துண்டைக் கை கற்றுக்கொண்டாலும் காது கற்றுக்கொள்வதில்லை.

இப்போது பலாடுக்குள் போகலாம். ஏழு பார் முன்னுரைக்குத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. எட்டாவது பாரில் தொடங்கும் முதல் மெட்டு பார்ப்பதற்கு எளிது, அதனால்தான் பலரும் அதைக் கடந்து ஓடிவிடுகிறார்கள். வலக்கை சில சுரங்களில் மேலேறி ஒரு நீண்ட சுரத்தில் நிற்கிறது. அடியில் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மெல்ல விழுகின்றன. நிற்கும் சுரம் அந்தக் கார்டுகளுக்குள் மூழ்கிவிடாமல் இருக்க வேண்டும். இதற்கு நான் பரிந்துரைப்பவை ஓபஸ் 28இன் நான்காவது ப்ரெலூடும் (ஈ மைனர்) ஓபஸ் 17இன் நான்காவது மஸூர்காவும் (ஏ மைனர்). முந்தையதை நீங்கள் சிறு வயதிலேயே வாசித்திருக்கலாம். இப்போது மீண்டும் எடுத்து, இடக்கைக் கார்டில் மாறும் ஒற்றைச் சுரம் மட்டும் கேட்கும்படி, மற்றவை நிழல்போல் நிற்கும்படி வாசித்துப் பாருங்கள். எட்டாம் கிரேடு முடித்தவர்களுக்கும் அது அவ்வளவு எளிதாக வராது.

68ஆவது பாரில் ஈ ஃபிளாட் மேஜரில் வரும் இரண்டாம் மெட்டு, தாழ்ந்த குரலில் பாட வேண்டியது. இடக்கை அகன்று விரியும் துணைக்கோலத்தை மெதுவாக, முட்டாமல் நெய்ய வேண்டும். பெடல் தவறினால் எல்லாம் குழம்பிவிடும். மெட்டையும் துணைக்கோலத்தையும் பிரித்துக் கேட்கும் பழக்கத்துக்கு மெண்டல்சனின் 'சொற்களற்ற பாடல்கள்' முதல் தொகுப்பில் உள்ள முதல் பாடல் (ஓபஸ் 19, ஈ மேஜர்) மிக நல்லது. அது கைவந்த பிறகு ஓபஸ் 27இன் இரண்டாவது நாக்டர்ன் (டி ஃபிளாட் மேஜர்): இடக்கையின் விரிவு, மேலே தனித்து மிதக்கும் மெட்டு, மெட்டுக்குள் சிறு எழுத்தில் வரும் அலங்கார ஓட்டங்கள் ஆகிய மூன்றுக்கும் அது ஒன்றே போதும். எல்லாப் பயிற்சித்துண்டுகளிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இந்த நாக்டர்னைத்தான் வைத்துக்கொள்வேன்.

அதே மெட்டு 106ஆவது பாரில் ஏ மேஜரில், முழுக் கார்டுகளோடும் ஆக்டேவுகளோடும் பேரோசையாகத் திரும்புகிறது. இங்கே தோளிலிருந்து எடை இறங்காமல் முன்கையை இறுக்கி அடித்தால், கோடா வருவதற்குள் கை ஓய்ந்துவிடும். அதே ஏ மேஜரில் அமைந்த ஓபஸ் 40இன் முதல் பொலனேஸை ஒரு மாதம் வாசியுங்கள். அதன் இசையழகு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்றாலும், எடையை இறக்கக் கற்றுத்தருவதில் அதற்கு இணையானதை நான் காணவில்லை. இடக்கை ஆக்டேவுகளுக்கு ஓபஸ் 28இன் இருபத்திரண்டாவது ப்ரெலூட் உண்டு. ஜி மைனரிலேயே அமைந்தது, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது.

138ஆவது பாரை ஒட்டி வரும், வால்ட்ஸ் போலச் சுழலும் பகுதிக்கு வால்ட்ஸ்தான் பயிற்சி: ஓபஸ் 64இன் இரண்டாவது (சி ஷார்ப் மைனர்) வால்ட்ஸில் வேகம் கூடும் பகுதி போதும்.

இனி கோடா. 208ஆவது பாரில் தாளம் மாறி, மிகுந்த வேகத்தில் தொடங்கும் இந்த ஐம்பத்தேழு பார்கள்தான் உங்களை இந்தக் கேள்வியைக் கேட்க வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இதில் தனித்தனியாக மூன்று சிக்கல்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. இடக்கை, கீழ்ச்சுரத்திலிருந்து கார்டுக்கும் கார்டிலிருந்து கீழ்ச்சுரத்துக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. வலக்கை, ஒற்றைச் சுரங்களும் இரட்டைச் சுரங்களும் மாறிமாறி வரும் கோலத்தை உருட்ட வேண்டும். அழுத்தமோ நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழுவதில்லை. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மெட்ரோனோமை (வேகத்தைத் தட்டிக்காட்டும் கருவியை) ஒவ்வொரு புள்ளியாக உயர்த்தும் முறையை நான் ஆறு மாதம் முயன்றேன். ஒரு வேகத்துக்கு மேல் அது நகரவே இல்லை. காரணம் எளியது: மெதுவாகச் செய்யும்போது கை ஒரு விதமாகவும் வேகத்தில் வேறு விதமாகவும் அசைகிறது. மெதுவான அசைவை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அது வேகமான அசைவாக மாறுவதில்லை.

தாவலுக்கு ஓபஸ் 25இன் நான்காவது எட்யூட் (ஏ மைனர்) நேரடியான துணை. அதில் இடக்கை தாளத்தின் மேல் தாவிக்கொண்டிருக்க, வலக்கைக் கார்டுகள் இடையில் விழுகின்றன. கோடாவின் தாவலும் இடம் மாறிய அழுத்தமும் இரண்டும் அங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. முழு வேகம் வர வேண்டும் என்பதில்லை. இடக்கையை மட்டும் எடுத்து, விசையை அழுத்தாமல் அதன் மேல் போய் அமர்ந்து, சரியான இடத்தில் இருப்பதை உறுதிசெய்த பிறகே அழுத்தும் முறையில் இரண்டு வாரம் வாசித்தேன். தாவலில் தவறுவது பெரும்பாலும் விரல் அல்ல, தாமதமாகப் போகும் கண்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

வலக்கைக்கு ஓபஸ் 10இன் பத்தாவது (ஏ ஃபிளாட் மேஜர்) எட்யூடில் முதல் பக்கம் மட்டும் போதும். கட்டைவிரலின் ஒற்றைச் சுரமும் மேலே இரட்டைச் சுரமுமாக மாறிமாறி வரும் அதில், விரல்களைத் தனித்தனியாகத் தூக்கி அடித்தால் பத்து பாருக்குள் கை கல்லாகிவிடும். கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் முன்கை உருண்டால் மட்டுமே தொடர முடியும். அந்த உருட்டல்தான் கோடாவுக்கு வேண்டியது. எட்யூடை முழுமையாக முடிக்க வேண்டுமே என்ற குற்ற உணர்வு வேண்டாம்; நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடிவைத்துவிடலாம். உங்கள் கையும் என்னுடையதைப் போலச் சிறியதாக இருந்தால் அது விரிவினால் வலிக்கக் கூடும். அப்போது கோடாவின் முதல் இரண்டு பாரையே எடுத்து வெவ்வேறு சுருதிகளில் வாசிப்பது மேல். பிரெஞ்சுக் கலைஞர் ஆல்ஃபிரெட் கோர்த்தோ ஷோபான் படைப்புகளுக்குத் தயாரித்த பயிற்சிப் பதிப்புகளின் வழியும் இதுதான்: கடினமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டு, அதற்குள் இருக்கும் சிக்கலைப் பிரித்தெடுத்து அதிலிருந்தே சிறு பயிற்சிகளை உருவாக்குவது.

பயிற்சித்துண்டுகளுக்குப் பேர்பெற்ற செர்னியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவருடைய ஐம்பது எட்யூட்கள் கொண்ட ஓபஸ் 740 கெட்டதல்ல. ஸ்கேலும் ஆர்பெஜியோவும் இன்னும் சீராக வரவில்லை என்றால் அதில் இரண்டு மூன்றை வாசிக்கலாம். நவீனக் காதுக்கு மோஸ்கோவ்ஸ்கியின் ஓபஸ் 72 இனிமையாக இருக்கும். அந்தப் பதினைந்து எட்யூட்களில் இரண்டாவது ஜி மைனரில் அமைந்தது. ஆனால் ஐம்பதையும் பதினைந்தையும் முடித்துவிட்டுத்தான் பலாடுக்கு வருவேன் என்று உறுதி பூண்டவர்கள் பலாடுக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நேரத்தில் மூன்று துண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றோடு பலாடின் ஏதாவது ஒரு பக்கமும் முதல் நாளிலிருந்தே மேசையில் இருக்கட்டும். பயிற்சி முழுவதும் முடிந்த பிறகுதான் படைப்பைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எந்த அசைவுக்காக எந்தத் துண்டை எடுத்தோம் என்பதே மறந்துபோகும்.

வீட்டில் டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர் என்றால் ஒரு எச்சரிக்கை. ஒலியைக் குறைத்துவைத்து இரவில் பயின்றதால் நான் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் அழுத்திப் பழகிவிட்டேன். உண்மையான கிராண்ட் பியானோவில் அமர்ந்த முதல் நாள், அந்த டி ஃபிளாட் நாக்டர்னின் இடக்கை மத்தளம்போல் ஒலித்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மரப் பியானோ இருக்கும் ஓர் இடத்தில் வாசித்துப் பார்ப்பது, இன்னொரு எட்யூடைச் சேர்ப்பதைவிடப் பயன் தரும்.

கடைசிப் பக்கத்தில் இரு கைகளும் ஆக்டேவுகளாக, அரைச் சுரம் அரைச் சுரமாக எதிரெதிர்த் திசையில் நகரும் அந்தச் சில பார்களுக்கு மட்டும் நான் எந்தப் பயிற்சித்துண்டையும் தேடவில்லை. பலாடைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அதை மனப்பாடம் செய்து, ஒவ்வொரு நாளும் பயிற்சி தொடங்கும்போது கை சூடாவதற்காக மிக மெதுவாக, மெல்லிய ஒலியில் இரண்டு முறை வாசித்துவந்தேன். இரண்டாம் ஆண்டின் இறுதியில் முழுப் படைப்பையும் முதன்முறை நிற்காமல் வாசித்தபோது, கோடாவில் மூன்று இடங்களில் தடுமாறினேன். அந்த ஆக்டேவுகளில் தடுமாறவில்லை.