மேற்கத்திய ஓவியத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: போன வருஷம் லண்டனில் மகள் வீட்டுக்குப் போனபோது நேஷனல் கேலரிக்கு இரண்டு முறை போனேன். கால்வலிதான் மிச்சம். எதைப் பார்த்தாலும் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் ஓவிய வரலாற்றுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கோதிக், மறுமலர்ச்சி, பரோக் என்று ஓவிய பாணிகளின் பெயர்கள் மனப்பாடம் ஆயின, அவ்வளவுதான். பைபிளும் படித்ததில்லை. வரும் கோடையில் மறுபடி போகிறேன். 59 வயதில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எது நல்ல ஓவியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: கட்டாயம் முடியும். ஆனால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துப் போகும் வழி பலருக்கு ஒத்துவருவதில்லை. பெயர் முதலில் தெரிந்துவிட்டால் கண் வேலை செய்ய மறுக்கிறது; "சரி, இது பரோக்" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது வேறு வழி. ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பல ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதை ஒன்றுதான் என்பதால், மாறியிருப்பதெல்லாம் அந்தந்த ஓவியர் எடுத்த முடிவு என்பது பளிச்சென்று தெரியும். ஏன் அப்படி மாற்றினார் என்று கேட்கும்போது வரலாறு தானாக வந்து சேரும்.

உங்களுக்கு நான் சொல்லும் கதை, எம்மாவு விருந்து. பைபிளில் லூக்கா நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள். சீடர்கள் இருவர் மனமுடைந்து எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்கு நடந்து போகிறார்கள். வழியில் ஒருவர் சேர்ந்துகொள்கிறார். பொழுது சாய்ந்துவிட்டதே, எங்களோடு தங்குங்கள் என்று அவரை அழைக்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் அவர் அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுக்கிறார். அப்போதுதான் அவர் இயேசு என்று தெரிகிறது. தெரிந்த உடனே மறைந்துவிடுகிறார். அசையாத ஒரு படத்தில் "அட, இவரா!" என்ற அந்தக் கணத்தை எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு ஓவியரும் விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

நேஷனல் கேலரியில் உள்ள, இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1601-இல் வரைந்த படத்திலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படிக்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரு சின்ன நோட்டில், கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். இதற்கு என்ன அர்த்தம் என்ற யோசனை அப்புறம். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுகிறது. ஒரு சீடர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழப் போகிறார். அவருடைய சட்டையின் முழங்கைப் பக்கம் கிழிந்து உள்துணி வெள்ளையாகத் தெரிகிறது. இன்னொருவர் இரண்டு கைகளையும் அகல விரித்திருக்கிறார். ஒரு கை படத்தை விட்டு வெளியே நம் பக்கம் நீள்கிறது. சத்திரக்காரர் தொப்பியைக் கூடக் கழற்றாமல், எதுவும் புரியாமல் நிற்கிறார். பழக்கூடை மேசை விளிம்பைத் தாண்டி, இதோ விழப்போகிறது என்பது போல் இருக்கிறது. கை நீட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும்.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு "ஏன்" என்று கேளுங்கள். மேசையின் நம் பக்கம் யாரும் உட்காரவில்லை. அந்த இடம் நமக்கு. கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதருக்குப் பின் ஐரோப்பா கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரண்டாகப் பிரிந்திருந்த காலம் அது. கத்தோலிக்கத் திருச்சபை ஆயர்கள் கூடி 1563-இல் முடித்த டிரெண்ட் பொதுச்சங்கத்தில், படங்கள் மக்களுக்குப் போதிக்க வேண்டும், பக்தியைத் தூண்ட வேண்டும் என்று வலியுறுத்தியது. பார்ப்பவரை மேசைக்கே இழுத்து உட்காரவைக்கும் இந்தப் படத்துக்குப் பின்னால் அந்தக் காலச் சூழல் இருக்கிறது. புத்தகத்தில் "பரோக்" என்று படித்தீர்களே, அது இப்போது உங்களுக்கு விழப்போகும் கூடையாகவும் கிழிந்த முழங்கையாகவும் நினைவில் நிற்கும்.

அடுத்ததாக, அதே கரவாஜியோ அதே கதையை 1606-இல் மறுபடி வரைந்ததைப் பாருங்கள். அது மிலானில் பிரெரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். பழக்கூடை இல்லை. விரிந்த கைகள் அடங்கிவிட்டன. இயேசுவின் முகத்தில் பாதி நிழலில் இருக்கிறது. மேசையில் கொஞ்சம் ரொட்டி. புதிதாக ஒரு மூதாட்டி, களைத்த முகத்தோடு நிற்கிறார். அந்த வருஷம் மே மாதம் ரோமில் நடந்த சண்டையில் கரவாஜியோ ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியிருந்தார். படத்தின் இருட்டுக்கு அதுதான் காரணம் என்று அவசரமாக முடிவு கட்டாதீர்கள். வாழ்க்கைக் கதையைப் படத்தின் மேல் ஒட்டுவது எளிது. இரண்டையும் அருகருகே வைத்து, எதை எடுத்துவிட்டார், எதைச் சேர்த்தார் என்று மட்டும் பட்டியல் போடுங்கள். ஒரு மாதம் படிப்பதை விட அந்தப் பட்டியல் அதிகம் கற்றுத்தரும்.

வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானது வெலாஸ்குவெஸ், ஸ்பெயினின் செவில் நகரில் 1617-18 வாக்கில், இருபது வயதுகூட நிரம்பாதபோது வரைந்த படம். இப்போது டப்ளினில் உள்ள அயர்லாந்தின் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் முன்னால் இருப்பது அடுப்படி. கறுத்த நிறப் பணிப்பெண் ஒருத்தி, மேசையில் ஜாடி, கிண்ணங்கள், பூண்டு, இடிக்கிற உரல். எம்மாவு விருந்து எங்கே என்று தேடினால், மேலே இடது மூலையில் ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தெரிகிறது. அந்தப் பகுதி பின்னாளில் யாரோ பூசிய வண்ணத்துக்கு அடியில் மறைந்து கிடந்து, 1933-இல் படத்தைச் சுத்தம் செய்தபோதுதான் வெளிப்பட்டது. அதுவரை எல்லோருக்கும் இது வெறும் அடுப்படிப் படம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் பலர் வாழ்ந்த ஊர் செவில். பக்கத்து அறையில் நடப்பதை இந்தப் பெண் கேட்டுவிட்டாளா? தலை சற்றுச் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். இதே பெண்ணை, விருந்துக் காட்சி இல்லாமல், வரைந்த இன்னொரு படம் சிகாகோவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மூலையில் உள்ள சின்னக் காட்சி முழுப் படத்தின் பொருளையே எப்படி மாற்றுகிறது என்பது புரியும்.

ரெம்பிராண்டின் படத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள 1648-ஆம் ஆண்டுப் படம் இரண்டரை அடிக்கும் குறைவு. அவர் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாமின் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) தேவாலயங்கள் பீடத்துக்குப் படம் கேட்பதில்லை. பைபிள் காட்சிகளை மக்கள் வீட்டுக்கு வாங்கினார்கள். சின்ன அளவு, தணிந்த வெளிச்சம், யாரும் கைகளை வீசவில்லை. கரவாஜியோ கூவியதை இவர் காதருகே சொல்கிறார்.

இனி, நல்ல படம் எது என்ற கேள்வி. "நிஜம் போல இருக்கிறதா" என்ற அளவுகோலை முதலில் ஒதுக்கி வையுங்கள். கரவாஜியோவின் 1601 படத்தில் கை விரித்த சீடரின் தூரத்துக் கை, கிட்டத்துக் கைக்குச் சமமாகப் பெரிதாக இருக்கிறது. கணக்குப்படி அது பிழை. பெல்லோரி என்ற எழுத்தாளர் 1672-இல் வேறு குறைகள் சொன்னார்: இயேசுவுக்குத் தாடி இல்லை, சீடர்கள் நாட்டுப்புறத்தார் போல் இருக்கிறார்கள், பழங்கள் ஈஸ்டர் பருவத்துக்குரியவை அல்ல. அத்தனையும் உண்மை. ஆனாலும் படம் நிற்கிறது. ஏனென்றால் திகைப்பைக் காட்டப் புறப்பட்டவர் அதைக் காட்டிவிட்டார். அதனால் நான் கேட்பது: ஓவியர் எதைச் செய்யப் புறப்பட்டார், அதைச் செய்தாரா, செய்யத் தகுந்த காரியமா? கடைசிக் கேள்விக்கு நீங்களும் நானும் வேறு வேறு பதில் சொல்லலாம். ஆனால் பதிலுக்குச் சான்றைப் படத்துக்குள் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

நிபுணர் பெயரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த எம்மாவு விருந்து என்று சொல்லி 1937-இல் ஒரு படம் வெளிவந்தது. அப்ரஹாம் பிரெடியஸ் என்ற பெரிய அறிஞர் அதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றார். ராட்டர்டாமின் போய்மன்ஸ் அருங்காட்சியகம் அதைப் பெரும் விலைக்கு வாங்கியது. 1945-இல் கைதான ஹான் வான் மீகெரென் என்ற ஓவியர், அதை வரைந்தது தானே என்று ஒப்புக்கொண்டார். வெர்மீர் இத்தாலிய பாணியில் இன்னும் சில மதப் படங்கள் வரைந்திருப்பார் என்று அறிஞர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பார்த்ததே கையில் கிடைத்ததும் கண் சோதிக்க மறந்துவிட்டது. கனத்த இமைகள் கொண்ட அந்த முகங்கள் இன்று 1930-களின் முகங்களாகவே தெரிகின்றன. அந்தப் படத்தையும் இணையத்தில் தேடி, உங்கள் வரிசையில் கடைசியாக வையுங்கள்.

பயணத்துக்கு: நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, எனவே ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடும் அவசரம் வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்று படம், ஒரு மணி நேரம், அப்புறம் டீ குடிக்கப் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 வரை திறந்திருக்கும். படங்கள் சில சமயம் வேறு ஊர்க் கண்காட்சிகளுக்குப் போவதுண்டு. கரவாஜியோ சுவரில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை, துச்சியோ என்ற இத்தாலிய ஓவியர் 1308-11-இல் சியன்னா பேராலயத்துக்கு வரைந்த பெரிய பீடப் படத்தின் மூன்று சிறு பலகைகளைத் தேடுங்கள். அந்தத் தங்கப் பின்புலம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எப்படி மினுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். மூன்றாவது தடவை, ரெம்பிராண்ட் 34 வயதில் தன்னை வரைந்த படத்தையும் 63 வயதில் வரைந்ததையும் பாருங்கள். இரண்டும் அங்கேயே இருக்கின்றன. நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். இந்த முறை கேள்விகளை நீங்களே எழுதுங்கள்.