பேச முடியாத அப்பா வரைந்து காட்டுகிறார்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, காகிதத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு, புரியவில்லை என்றால் கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் உங்களிடம் பேசத்தான் பார்க்கிறார். பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடது பக்கம் சார்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா இதை 1865-இலேயே எழுதிவிட்டார். அங்கே அடிபட்டுச் சொல் போனாலும், வரைவது ஓரளவு மிஞ்சலாம். வலது கை வராவிட்டால் இடது கையில் தடித்த ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். புரியாதபோது ஊகங்களை அடுக்காமல், ஒரு கோட்டைத் தொட்டு “இதைக் கொஞ்சம் பெரிசா போடுங்கப்பா” என்று கேளுங்கள். நீங்களும் கூடவே வரையுங்கள். என் அம்மா கடிகாரம் வரைந்தபோது மாத்திரையை நீட்டிக்கொண்டே இருந்தோம். தம்பி எப்போது வருவான் என்று கேட்டிருக்கிறார், பாவம். அப்புறம், தாள்களில் தேதி போட்டு வைத்து, பேச்சுப் பயிற்சி தருபவரிடம் காட்டுங்கள்.