துடுப்புச் சில்லு தண்ணிக்கை எவ்வளவு தாழவேணும்?

வேலணையிலயிருந்து ஒரு வாசகர்: என்னட்டை 20 அடி ஃபைபர் போட் ஒண்டு நிக்குது, 15 குதிரை மண்ணெண்ணெய் எஞ்சின். ஆழமில்லாத பரவைக் கடலுக்கை இறக்கினால் கொஞ்சத் தூரம் போகமுதல் சாதாளைப் புல்லு புரொப்பெல்லர் விசிறியில சுத்திப்போடும், பேந்து நிப்பாட்டி, எஞ்சினைத் தூக்கி, கத்தியால வெட்டிக்கொண்டு இருக்கவேணும். சுற்றுலா வாற ஆக்களை ஒருக்கா 8 பேர் எண்டு ஏத்தி கண்டல் பக்கம் கொண்டுபோய்க் காட்டுற யோசினை. மேல சோலர் பூட்டி ரெண்டு பக்கமும் துடுப்புச் சில்லு, சுத்திவரப் பலகை அடிச்ச சக்கரம், வைச்சால் சரிவருமோ? படம் கீறி அனுப்பியிருக்கிறன்.

படம் பாத்தன் அண்ணை, வடிவாக் கீறியிருக்கிறியள், ஆனா சில்லு பாதிக்குப் பாதி தண்ணிக்கை நிக்குது பாருங்கோ, அதிலதான் எல்லாரும் விழுறது, நானும் விழுந்தனான். 2022இல மண்ணெண்ணெய் இல்லாமல் கரையெல்லாம் போட் கவிண்டு கிடந்ததே, பேந்து ஆவணி மாசம் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்குப் போனதே, அந்தக் கொதியில நானும் ஒரு சிநேகிதனும் பனஞ்சிலாகையில பலகை அடிச்சு ஒரு சில்லுச் செய்து, பழைய மோட்டர் ஒண்டைக் கொழுவி பண்ணைக் கரையில இறக்கினம். நாங்கள் ரெண்டு பேரும் இருக்கேக்கை நல்லாத்தான் போச்சுது. கரையில நிண்ட பெடியள் ஆறு பேர் "நாங்களும் வாறம்" எண்டு பாய்ஞ்சு ஏற, போட் தாழ்ந்திது, சில்லும் சேந்து தாழ்ந்திது. அதுக்குப் பிறகு மோட்டர் உறுமுது, சில்லு சுத்துது, தண்ணி எங்கடை தலையில கொட்டுது, போட் மட்டும் அசையேல்லை.

ஏனெண்டால் பலகை தண்ணியைப் பின்னுக்குத் தள்ளினால்தான் போட் முன்னுக்குப் போகும். சில்லு பாதி தாழ்ந்து நிண்டால் பலகை தண்ணிக்கை இறங்கேக்கை படுத்தபடி இறங்கித் தண்ணியைக் கீழ அமத்தும், வெளிய வரேக்கை வாளியில அள்ளுற மாதிரித் தண்ணியை மேல தூக்கும். பற்றறியில இருக்கிற கரண்டில பாதி உதுக்கே போயிடும். அடியில நிக்கிற பலகையின்ரை உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் தாழவேணும், அதுக்கு மேல ஒரு விரல்கூட வேண்டாம்.

இப்ப உங்கடை கணக்குக்கு வாறன். சில்லு 1.2 மீற்றர் விட்டம், பலகை 15 சென்ரிமீற்றர் உயரம், 10 பலகை எண்டு வையுங்கோ, அப்ப எந்த நேரமும் ரெண்டு பலகையாவது தண்ணிக்கை நிக்கும், உதறல் குறையும். உங்கடை போட் தண்ணி மட்டத்தில ஏறக்குறைய 7 சதுர மீற்றர் வரும், அதாவது 70 கிலோ ஏத்த ஏத்த ஒரு சென்ரிமீற்றர் தாழும். 8 பேர் எண்டால் 500 கிலோவுக்கு மேல, அப்ப 7 சென்ரிமீற்றர் போச்சுது. 15 தாழவேண்டிய சில்லு 22 தாழும். வெறும் போட்டுக்கு அளந்து பூட்டினால் ஆக்கள் ஏற மூழ்கும், ஆக்களுக்கு அளந்து பூட்டினால் திரும்பி வெறுமனே வரேக்கை பாதிப் பலகை காத்தைத்தான் அடிக்கும்.

அதால சில்லை ஒரேயிடத்தில இறுக்கி வெல்ட் பண்ணவே கூடாது. துலா தெரியும்தானே, அதே மாதிரி ரெண்டு கையில தொங்கவிட்டு, ஒரு பக்கம் பிணைச்சல், மற்றப் பக்கம் கப்பியும் கயிறும், ஆக்கள் ஏறினாப்பிறகு ஒருத்தர் நிண்டு ஏத்தி இறக்கி அளவு வைக்கிற மாதிரிச் செய்யுங்கோ. கல்லுத் தட்டினாலும் சில்லு தானா மேல எழும்பும், வலைத் தடி மாட்டினாலும் தூக்கிப்போட்டு வரலாம். வெல்டிங் கடைக்குப் போகமுதல் செய்யவேண்டிய வேலை ஒண்டு இருக்கு, போட்டைத் தண்ணியில விட்டு வெறுமனே ஒருக்கா, 8 பேரை இருத்தி ஒருக்கா, கடையார்ப் பக்கம், அதாவது போட்டின்ரை பின்பக்கம், தண்ணி மட்டத்துக்குக் கோடு கீறுங்கோ. அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளிதான் உங்கடை முழு டிசைனும்.

பக்கத்துக்கு ஒண்டு வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ரெண்டு பக்கமும் ரெண்டடி தள்ளிக்கொண்டு நிண்டால் கண்டலுக்கை எப்படிப் போறது? அதோடை ஆரும் "அங்கை பார் கொக்கு" எண்டு சொல்ல எல்லாரும் ஒரு பக்கம் சாய்வினம், அந்தப் பக்கச் சில்லு தாழ்ந்து மற்றது எழும்பி போட் தன்ரை பாட்டுக்குத் திரும்பும். கடையார்ப் பக்கம் ஒரே அச்சில ரெண்டு துண்டாப் போடுங்கோ, ஒவ்வொண்டுக்கும் ஒரு மோட்டர். ஒண்டை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் சுத்தினால் சின்ன இடத்திலயும் திரும்பலாம், ஆனா சுக்கானைக் கழட்டிப்போடாதேங்கோ. கடையார்ப் பக்கம் பாரம் கூடும், பற்றறியை முன்பக்க அணியத்துக்குத் தள்ளி வைச்சால் சமன்.

வேகம் மணிக்கு 7 கிலோமீற்றர் காணும். அதுக்குச் சில்லு நிமிசத்துக்கு 45 தரம் சுத்தினால் சரி, விளிம்பு 10 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், போட் 7இல போகும், மிச்சம் வழுக்கல், அது இல்லாமல் சில்லு தள்ளாது. மோட்டர் 1800 சுத்து எண்டால் 40 மடங்கு குறைக்கவேணும், ஒரு செயினில முடியாது, ரெண்டு படியா இறக்குங்கோ. திருகாணி மாதிரி அச்சு பல்லுச் சில்லைச் சுத்துற வேர்ம் கியர்பொக்ஸ் சின்னனா வடிவா இருக்கும், ஆனா கனக்கச் சக்தியைச் சூடாக்கிப்போடும், சோலர்காரருக்கு அது கட்டாது. பேரிங்குக்கு நைலோன் புஷ் போடுங்கோ, உப்புத் தண்ணியே அதுக்குக் கிறீஸ்.

அதே வாசகர் கடைசியில ஒரு வரி: எத்தினை பனல் வேணும்?

400 வாட் பனல் நாலு. எங்கடை வெயிலுக்கு ஒரு நாளைக்கு 6 யூனிட் அளவு வரும், இந்த வேகத்துக்கு 1.2 கிலோவாட் போனாலும் அஞ்சு மணித்தியாலம் ஓடலாம். யாழ்ப்பாணம் 9.7 பாகை வடக்கில கிடக்கிறபடியால் பனலைச் சரிக்கவே தேவையில்லை, மட்டமாப் படுக்க வையுங்கோ. ஆனா கூரையை ஆள் இருந்து தலை தட்டாத உயரத்துக்கு மேல எழுப்பவேண்டாம், நாலு பனலும் 80 கிலோவுக்கு மேல வரும், சோளகக் காத்து அதில பிடிச்சால் விளையாட்டில்லை. காகமும் கடற்பறவையும் செய்யிற வேலையை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியால கழுவோணும், ஒரு மூலையில எச்சம் கிடந்தாலும் அந்த வரிசைக் கரண்ட் குறையும்.

காரைநகரிலயிருந்து ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி: சில்லு நல்லதெண்டால் கப்பலெல்லாம் ஏன் அதை விட்டவை?

நல்ல கேள்வி. 1845இல பிரித்தானியக் கடற்படை ராட்லர் எண்ட புரொப்பெல்லர்க் கப்பலையும் அலெக்டோ எண்ட சில்லுக் கப்பலையும் பின்னுக்குப் பின் கட்டி இழுக்க விட்டுப் பாத்தவை, சில்லுக் கப்பல் முழு வேகத்தில சுத்தச் சுத்தவே ராட்லர் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போச்சுது. ஆழக் கடலில, அலையில, பாரம் கூடிக் குறையிற கப்பலில புரொப்பெல்லர்தான் கெட்டி, அதில வாக்குவாதம் இல்லை. ஆனா முழங்கால் தண்ணியில புரொப்பெல்லர் சேத்தைக் கிண்டும், புல்லைச் சுத்தும். அங்கை இப்பவும் மரக்கோலை அடியில ஊண்டிப் போட்டைத் தள்ளுற ஆக்களைப் பாத்திருப்பியள்தானே, சில்லுக்கு இடம் அவ்வளவுதான்.

புங்குடுதீவிலயிருந்து: பனலைக் கூட்டிப் போட்டு இந்தப் போட்டில நெடுந்தீவுக்குப் போகலாமோ?

ஏலாது தம்பி. அலையில போட் ஆடேக்கை சில்லு ஒருக்கா காத்தில, ஒருக்கா தண்ணியில, செயின் அறுந்தால் நடுக்கடலில நிப்பியள். பெரிசாச் செய்யலாம்தான், கேரளாவில வைக்கம் பக்கம் 2017இல இருந்து ஆதித்யா எண்ட சோலர் படகு ஓடுது, 75 பேர், மேல 20 கிலோவாட் பனல், ஆனா அதுவும் காயல் எண்ட பரவைத் தண்ணிக்கை ஓடுறது, கீழ சுத்திறதும் புரொப்பெல்லர்தான். வேகத்தை இரட்டிச்சால் சக்தி எட்டு மடங்கு வேணும் எண்டதை மறக்காதேங்கோ, அவ்வளவுக்குப் பனல் விரிக்க உங்கடை போட் காணாது.

சாவகச்சேரி வாசகி: இவர் பழைய ஓட்டோ பற்றறி நாலை வைச்சு ஓடப்போறன் எண்டு நிக்கிறார், ஏலுமோ?

ஸ்ராட் பண்ணுற பற்றறியை ஆழமா இறக்கி ஏத்தினால் கொஞ்ச நாளில செத்துப்போகும் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ அக்கா. 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேட் பற்றறி ஒண்டு 50 கிலோ அளவில வரும், விலை நோகும்தான். அதோடை சில்லுக்கு மேலயும் பக்கத்திலயும் கட்டாயம் கம்பி வலையால மூடி போடச் சொல்லுங்கோ, தண்ணி தெறிக்கிறதுக்காக இல்லை, மெல்லமாச் சுத்துது எண்டு பிள்ளையள் கை நீட்டுங்கள்.