தொட்டில் ஆட்டாமல் ஐந்து மாதக் குழந்தையைத் தூங்கவைக்க முடியுமா?

முடியும். அம்மா வீட்டில் தொட்டிலில் நன்றாகத் தூங்கிய பிள்ளை, புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி மணிக்கு ஒருதரம் எழுகிறாள், ஆட்டினால்தான் அடங்குகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பாடு பட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குப் பேறுகாலம் பார்த்தது முக்கூடலில், அம்மா வீட்டில். அம்மா பீடி சுற்றுகிறவள். உத்திரத்தில் ஆச்சியின் பழைய நூல் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வாள். கை இலையைச் சுருட்டும், கால் தொட்டிலை ஆட்டும். என்னையும் அப்படித்தான் வளர்த்தாள். (பீடித்தூள் பறக்கிற இடத்தில் பச்சைப்பிள்ளையைப் போடக்கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டு, தொட்டிலை உள்ளறைக்கு மாற்றினோம்.) என் மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தெருவில் அம்மன் கோயில் கொடை வந்தது. விடிய விடிய வில்லுப்பாட்டும் மேளமும். குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தில். பிள்ளை அசையவே இல்லை. ஆனால் அம்மா கண்ணயர்ந்து கயிறு நின்றதும் சிணுங்கினாள். அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

ஐந்தாம் மாதம் பாளையங்கோட்டைக்கு வந்தோம். வாடகை வீடு, கான்கிரீட் கூரை. கொக்கி அடிக்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. நானும் அவரும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்தோம். தூங்கிவிட்டாள் என்று கீழே படுக்க வைத்தால் முக்கால் மணி நேரத்தில் வீறிட்டு அழுவாள். "பால் பத்தல போலம்மா, ராத்திரிக்குக் கொஞ்சம் கூழு காச்சிக் குடு, அடங்கிரும்" என்றார் அத்தை. பிள்ளை அழுவது பொறுக்காமல் சொன்னதுதான். ஆனால் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். குழந்தை மருத்துவரிடம் போனோம். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறாளா, எடை ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, பால் போதும் என்றார். அப்புறம், "எப்படித் தூங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் விளக்கியது இதுதான். இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் குழந்தை லேசாக விழிக்கும். பெரியவர்கள் நாமும் அப்படி விழிக்கிறோம், புரண்டு படுத்துவிடுவதால் ஞாபகம் இருப்பதில்லை. கண்ணை மூடும்போது என்ன இருந்ததோ, அதை விழித்ததும் குழந்தை தேடும். ஆட்டத்தில் தூங்கினால் ஆட்டத்தை, தோளில் தூங்கினால் தோளை. எனக்கு உடனே கொடை ராத்திரிதான் ஞாபகம் வந்தது. மேளச் சத்தத்துக்கு எழாத பிள்ளை கயிறு நின்றதும் எழுந்தாளே!

ஆகவே குழந்தையை முழுக்கத் தூங்கவைத்துப் படுக்கையில் போடாதீர்கள். கண் சொருகும்போது, ஆனால் இன்னும் விழித்திருக்கும்போது போடுங்கள். கடைசிக் கொஞ்ச தூரத்தை அவளே கடக்கட்டும்.

நான் ராத்திரியின் முதல் தூக்கத்தில் மட்டும் தொடங்கினேன். இரண்டு மணி, நாலு மணி விழிப்புகளைப் பழையபடியே விட்டுவிட்டேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உடம்பில் தெம்பில்லை. ஏழு மணிக்கு வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, உடுப்பு மாற்றி, பால் கொடுத்து, விளக்கை அணைத்து மடியில் வைத்துப் பாடுவேன். தினமும் அதே வரிசை, அதே பாட்டு. தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். கைக்கும் காலுக்கும் ஓய்வு கொடுத்து நாக்கை மட்டும் ஆட்டினேன். கண் சொருகியதும் பாட்டை நிறுத்திப் படுக்க வைத்தேன்.

முதல் நாள் நாற்பது நிமிடம் அழுதாள். அழவிட்டு வெளியே போகவில்லை, எனக்கு அது முடியாது. பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப அழுதால் தூக்கி ஆற்றி, மறுபடி விழிப்போடே படுக்க வைத்தேன். நான்காம் நாள் பத்து நிமிடம். தட்டுவதையும் மெல்லக் குறைத்தேன். மூன்றாவது வாரம், கையை உருட்டிப் பார்த்துக்கொண்டே தானாகத் தூங்கினாள். அந்த ராத்திரி இரண்டே முறைதான் எழுந்தாள், இரண்டும் பசிக்கு. பசிக்கு எழுந்தால் பால் கொடுத்துவிடுங்கள், இந்த வயதில் அது தேவைதான். விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் கொடுத்தால் போதும்.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது வீட்டு நேரத்தை மாற்றுவதுதான். கடையிலிருந்து ஒன்பதரைக்கு வருகிறவருக்குப் பிள்ளையைக் கொஞ்ச ஆசை இருக்காதா? கூடத்தில் பத்து மணிவரை டிவி. விடிந்ததும் பிள்ளையை அவர் கையில் கொடுத்து, வாசல் வெயிலில் அரைமணி நேரம் வைத்திருக்கச் சொன்னேன். அவருக்கும் ஆசை தீர்ந்தது, பிள்ளைக்கும் பகல் எது இரவு எது என்று உடம்பு பழகியது. உடம்புக்குள் இருக்கிற அந்தக் கடிகாரம் பிறவியில் வருவதில்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல்தான் அமைகிறது. அதனால் ஒரு மாதப் பிள்ளையிடம் இதையெல்லாம் முயன்று பார்க்க வேண்டாம்.

பகல் தூக்கத்தைக் குறைத்தால் ராத்திரி நன்றாகத் தூங்குவாள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். களைத்த பிள்ளை இன்னும் மோசமாகத்தான் தூங்கும். நாலு முதல் பதினொரு மாதம்வரை பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

சேலைத் தொட்டில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா கட்டிய தொட்டிலில் வளர்ந்தவள் நான், அதைக் குறை சொல்ல மனசு வராது. ஆனாலும் அதில் குழந்தையின் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் அமுங்கலாம், மூச்சு தடைப்படலாம். புரள ஆரம்பித்துவிட்டால் துணியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ராத்திரிக்குச் சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையாக இருக்கட்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். கொசுவர்த்திப் புகைக்குப் பதில் கொசுவலை. சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்று சொல்லி யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஏழாம் மாதம் பல் முளைக்கும்போதும், ஊருக்குப் போய்வந்த போதும் எல்லாம் கலைந்தது. மறுபடி அதே வரிசையைப் பிடித்தோம், நாலைந்து நாளில் திரும்பிவிட்டாள். தூக்கத்தில் குறட்டை விட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ இந்த முயற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பகலில் எத்தனை முறை தூங்குகிறாள், சாயங்காலக் கடைசித் தூக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்க வைக்கலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.