பித்தக்குழாய் காயம்: அக்காவுக்கு ஏன் இங்கேயே திருத்தவில்லை?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 43. பித்தப்பையில் கல் என்று மூன்று கிழமைக்கு முன் கமரா விட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். நாலாம் நாள் வயிறு ஊதி, கண் மஞ்சளாகிவிட்டது. பித்தக்குழாய் வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லி, வயிற்றில் ஒரு குழாயும் பையும் வைத்திருக்கிறார்கள். திருத்தும் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் ராகமை வைத்தியசாலைக்கு எழுதித் தந்தார்கள். அங்கே போனால், இன்னும் ஆறு கிழமை போகட்டும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உடனே செய்விக்க முடியாதா? இது கவலையீனமா? (கோப்பாய் வாசகர்)

பதில்: உங்கள் அவசரம் விளங்குகிறது. ஆனால் என் அக்காவாக இருந்தாலும் பொறுக்கத்தான் சொல்லுவேன்.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தம் சுரக்கிறது. அது குடலுக்கு இறங்கும் பெரிய குழாயே பென்சிலை விட மெல்லியது, ஐந்தாறு மில்லிமீற்றர்தான். பித்தப்பையின் சிறுகுழாய் வந்து அதோடு சேருகிறது. வெட்ட வேண்டியது சிறியதை. பித்தப்பை பலமுறை அழற்சி கண்டு சுற்றிவர ஒட்டிப்போயிருந்தால் பெரியதே சிறியதுபோலத் தெரியும். ஆயிரம் சத்திரசிகிச்சைகளில் மூன்று முதல் ஐந்தில் இது நடக்கிறது, கைதேர்ந்தவர்களுக்கும்தான். உங்கள் அக்காவின் விடயம் கவலையீனமா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் திருத்துவதைத் தாங்கள் தொடாமல் எழுதித் தந்தார்களே, அது சரியான வேலை.

சில பேருக்குச் சிறுகுழாயின் அடியில் மட்டும் கசிவு இருக்கும். வாய்வழியே கமரா விட்டு ஒரு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்தாலே அது ஆறிவிடும். பெரிய குழாய் அறுந்திருந்தால் அப்படி முடியாது. இரண்டு நுனியையும் பிடித்துத் தைத்தால் நாளடைவில் தழும்பு இறுகி அடைத்துவிடும். அதனால் சிறுகுடலின் ஒரு துண்டை மேலே கொண்டுவந்து, ஈரலுக்குக் கீழே நல்ல இரத்த ஓட்டமுள்ள குழாய் வாயில் பொருத்துவார்கள். அறுந்த அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ நிபுணர் கையில் கிடைத்தால் உடனே செய்யலாம். மூன்று கிழமை கழிந்தபின் கசிந்த பித்தத்தில் ஊறி எல்லாம் வீங்கிக் கிடக்கும். நனைந்த கடதாசியில் தையல் போட்டதுபோல்தான் இருக்கும். பித்தத்தை வெளியே வடியவிட்டு, கிருமித்தொற்றை அடக்கி, பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் எந்தக் கிளை எங்கே அறுந்தது என்று பார்த்து, ஆறு, எட்டுக் கிழமைக்குப் பிறகு செய்வதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதலில் வெட்டியவரே திருத்தியபோது நூற்றுக்கு 17 பேருக்குத்தான் சரிவந்தது. பித்தக்குழாய் நிபுணர் முதல் தடவையே செய்தபோது 94 பேருக்கு. ஒருமுறை சரிவராமல் போனால் அடுத்த முறை தைக்க இருக்கும் குழாய் இன்னும் கட்டையாகிவிடும். பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் அந்தனி ஈடனுக்கு 1953இல் லண்டனில் இதே காயம்தான். மறுபடி அங்கேயே திறந்தும் சரிவராமல், பொஸ்டனில் இதற்கென்றே பெயர்பெற்ற கட்டெல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனார். பிரதமரான பின்னும் காய்ச்சல் திரும்பி வந்தது. 1957இல் அதே மேசையில் மறுபடி படுத்தார். ஆகவே திருத்திய பின்னும் வருடக்கணக்கில் கிளினிக் போக வேண்டும், ஈரல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

இந்த ஆறு கிழமை சும்மா இருக்கும் காலமில்லை. பையில் எவ்வளவு வடிகிறது என்று தினமும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கூட வடிந்தால் உடலில் உப்பும் நீரும் குறையும், ஜீவனி (உப்பு, சீனி கலந்த கரைசல்) கொடுப்பது பற்றி வாட்டில் கேளுங்கள். முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுங்கள். செங்கமாரிப் பத்தியம் என்று பட்டினி போட வேண்டாம். கீழ்காய்நெல்லியும் வேண்டாம்; அறுந்த குழாயை அது ஒட்டாது.

நடுக்கத்தோடு காய்ச்சல், வயிற்றுநோ, அல்லது வடிதல் திடீரென நின்று மஞ்சள் கூடினால் ராகமைத் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், நடுச்சாமம் என்றாலும். குழாய் கழன்றால் நீங்கள் திரும்பத் தள்ளக் கூடாது. ராகமைக்குப் போகும்போது முதல் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியும் ஸ்கேன் படங்களும் கையில் இருக்கட்டும். கேட்டு வாங்கலாம், தயங்காதீர்கள்.