இலங்கையில் கடல், மலை, நீர்வீழ்ச்சி: கேள்வி பதில்

பதுளைப் பக்கத்தில் மலையேற்றக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். கடற்கரை, மலை, நீர்வீழ்ச்சி பற்றிக் கேளுங்கள். விசாவுக்கும் ஹோட்டல் விலைக்கும் நான் சரியான ஆள் இல்லை.

ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு. மிரிஸ்ஸவில் கடலில் குளிக்கலாமா? (திருச்சி)

ஆகஸ்டில் மிரிஸ்ஸ வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளை நேராக அடிக்கும். அலை பெரியது, இழுப்பும் அதிகம். நடுவில் மலை காற்றை மறிப்பதால் அதே மாதங்களில் கிழக்குப் பக்கம் அமைதியாக இருக்கும். திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி, உப்புவெளி இரண்டும் அப்போது குளம் மாதிரி கிடக்கும். அலைச்சறுக்கு என்றால் அறுகம்பை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை இது அப்படியே மாறும். அப்போது மிரிஸ்ஸ, உனவட்டுன பக்கம் வாருங்கள்.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். அப்படியும் இழுப்புக்குப் பயப்பட வேண்டுமா? (கோவை)

வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகிறார்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கொஞ்சம் இருண்டு தெரியும். அமைதியான இடம் என்று நினைத்துப் பலர் இறங்குவது அங்கேதான். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி உள்ளே போகும் வழி அது. மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் ஆழம்கூட வேண்டாம்.

ஜூலையில் சிவனொளிபாதமலை ஏறலாமா? (யாழ்ப்பாணம்)

தடை ஒன்றும் இல்லை. ஆனால் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வழியில் விளக்கு இல்லை, தேநீர்க்கடை இல்லை, மழையும் அட்டையும்தான் இருக்கும். உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படிகள். பருவத்தில் வந்தால் இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கலாம். உச்சியில் நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள். விடிந்ததும் எல்லோரும் சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாகக் காட்டின்மேல் விழுந்திருக்கும்.

தியலும நீர்வீழ்ச்சி உச்சியில் இருக்கும் குளங்களில் குளிக்கலாமா அண்ணா? வீடியோவில் பார்த்தோம். (கல்லூரி நண்பர்கள், மதுரை)

வெயில் காலத்தில், காலையில் என்றால் சரி தம்பி. ஆனால் தியலும 220 மீட்டர், நாட்டிலேயே இரண்டாவது உயரம். விளிம்பை ஒட்டிய குளத்தில் இறங்காதீர்கள், ஓரத்தில் நின்று படமும் எடுக்காதீர்கள். பாறையில் பாசி கண்ணுக்கே தெரியாது. முதல் நாள் மழை பெய்திருந்தால் கீழே சாலையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்.

குற்றாலத்தில் இதைவிட வேகமாக விழும் தண்ணீரில் தலையைக் கொடுத்து நிற்கிறோம். ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். (தென்காசி)

குற்றாலத்தில் நீங்கள் நிற்பது அருவியின் அடியில். தியலுமவில் நிற்பது அதன் தலையில். அடியில் வழுக்கினால் முட்டி உடையும், தலையில் வழுக்கினால் ஆளே இல்லை. குற்றாலத்தில் கம்பி இருக்கிறது, தண்ணீர் கூடினால் போலீஸ் தடை போடுகிறது. அப்படி இருந்தும் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. இங்கே மேலே அப்படி விசில் அடித்து வெளியேற்ற யாரும் நிற்பதில்லை.

உள்ளூர்ப் பையன்கள் குதித்துக் குளிக்கிறார்களே? (மதுரை நண்பர்களில் ஒருவர்)

அவர்களுக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும், மேலே எந்தத் தோட்டத்தில் மழை பெய்கிறது என்றும் தெரியும். அப்படியும் உள்ளூர்க்காரர்கள் இறந்திருக்கிறார்கள். எல்லவுக்குக் கீழே வெல்லவாய சாலையோரம் இராவணன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. சும்மா 25 மீட்டர்தான், பஸ்ஸிலிருந்து இறங்கினாலே பார்க்கலாம். அங்கேயும் பாறை ஏறியவர்கள் விழுந்து செத்திருக்கிறார்கள்.

வானம் தெளிவாக இருந்தால் வெள்ளம் எப்படி வரும்? (தென்காசி, மறுபடியும்)

நல்ல கேள்வி, எல்லோரும் படியுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சரிவுகளில் பெருங்காட்டை அழித்துத் தேயிலை வைத்து நூற்றைம்பது வருடம் ஆகிறது. காடு பிடித்து வைத்த அளவுக்கு இந்த மண் தண்ணீரைப் பிடிப்பதில்லை. மழை நேராக ஓடைக்கு வந்துவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். பன்னிரண்டு மணிக்குள் குளித்து முடித்துவிடுங்கள்.

தியலும விழும் அதே கொஸ்லந்தையில்தான் 2014 அக்டோபரில் மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்து லயன்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) மண்சரிவில் புதைந்தன. எங்கள் சனம் குடும்பம் குடும்பமாகப் போனது. மழையும் மலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்களைப் பயமுறுத்துவதில் எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஆகஸ்டில் ஹிக்கடுவ எப்படி? (சேலம்)

மிரிஸ்ஸ பற்றிய பதிலைப் படியுங்கள். அதே கரைதான்.

அட்டை கடித்தால் விஷமா? (சிங்கப்பூர்)

விஷம் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க ஒன்றைச் சுரக்கும், அதனால் விட்ட பிறகும் கசியும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிச் சற்று அழுத்திப் பிடித்தால் போதும். நீளமான சாக்ஸுக்குள் காற்சட்டையைச் செருகிக்கொண்டு நடங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு மதியம் போனால் போதுமா? (வவுனியா)

போதாது. ஒன்பது, பத்து மணிக்கே மூடுபனி ஏறி, உலகமுடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை மறைத்துவிடும். வாசல் திறக்கும் காலை ஆறு மணிக்கே நில்லுங்கள். சுற்றுப்பாதை சுமார் ஒன்பது கிலோமீட்டர். பொலித்தீன் உறைகளை வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள், அதற்காக அவர்களோடு சண்டை வேண்டாம். அங்கே திரியும் மரைக்கு (பெரிய மான்) பிஸ்கட் போடாதீர்கள்.

கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயில் வாசலில் தொங்கியபடி படம் எடுக்கலாமா? (சென்னை)

கூடாது. சுரங்கமும் பாறையும் ரயிலை உரசிக்கொண்டு போகும் இடங்கள் உண்டு, தொங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைப்பாதையைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆகஸ்டில் உனவட்டுன? (பெங்களூர்)

திருகோணமலைக்குப் போங்கள்.

உயரமான நீர்வீழ்ச்சி பம்பரகந்த என்கிறார்கள். குழந்தைகளோடு போகலாமா? (மட்டக்களப்பு)

தாராளமாக. 263 மீட்டர். ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் கலுபஹனச் சந்தியில் பிரதான சாலையிலிருந்து திரும்ப வேண்டும். உள்ளே போகும் சாலை குறுகியது, பெரிய வேனைவிட ஆட்டோ நல்லது. காய்ந்த மாதங்களில் மெல்லிய கோடாகத்தான் விழும், ஜனவரி வாக்கில் பார்த்தால் நன்றாக இருக்கும். குழந்தைகளை அடிக்குளத்தில் இறக்காமல் பாறைக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.