நடத்தை மீறல் புகார் வந்தால்: கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர்களுக்கான கேள்வி-பதில்

நான்கு பேர் நடத்தும் சிறிய திட்டம். நடத்தை விதிக் கோப்பு இருக்கிறது. அது போதுமா?

போதாது. பல திட்டங்கள் பயன்படுத்தும் பொதுவான நடத்தை விதித் தொகுப்பான 'காண்ட்ரிபியூட்டர் கவனன்ட்' விதிகளை நகலெடுத்துவிட்டு, புகார் முகவரிக்கான இடத்தை நிரப்பாமலே விட்ட திட்டங்கள் உண்டு. முதலில் அதை நிரப்புங்கள். அந்த அஞ்சலை இருவர் படிக்க வேண்டும். புகார் அந்த இருவரில் ஒருவர் மீதே வரலாம். ஆகவே மூன்றாமவரின் தனி முகவரியும் கோப்பில் இருக்கட்டும். புகார் வந்த ஒரு நாளுக்குள் "கிடைத்தது, விசாரிக்கிறோம்" என்று பதில் போய்விட வேண்டும்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், ஒரு இஷ்யூவில் (பிழை, கோரிக்கை பற்றிய உரையாடல் பக்கத்தில்) ஒருவர் வசைபாடிவிட்டார். உடனே அழிக்கலாமா?

முதலில் திரைப்பிடிப்பு, இணைப்பு, நேரம் மூன்றையும் சேமியுங்கள். வெறும் வசை என்றால் மறைத்தால் போதும். யாருடைய வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ வெளியாகியிருந்தால் முழுவதுமாக அழிக்க வேண்டும். பின்னூட்டத்தைத் திருத்துவது மட்டும் போதாது; பழைய வடிவம் திருத்த வரலாற்றில் கிடக்கும். அறிவிப்பு மின்னஞ்சல்கள் அதற்குள் பலருக்குப் போயிருக்கும் என்பதால், பாதிக்கப்பட்டவருக்கு உடனே சொல்லிவிடுங்கள். சண்டை தொடர்ந்தால் உரையாடலைப் பூட்டுங்கள். கிட்ஹப்பில் திட்டத்துக்கு உள்ள நிறுவனக் கணக்கிலிருந்து ஒருவரை 1, 3, 7 அல்லது 30 நாள், இல்லையேல் நிரந்தரமாகத் தடுக்கலாம்.

எந்தத் தவறுக்கு எவ்வளவு நடவடிக்கை?

2020-இல் வந்த காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் 2.0 நான்கு நிலைகளைச் சொல்கிறது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும் என்பதில்லை. கொலை மிரட்டலுக்கு நேராக நிரந்தரத் தடையே சரி. அவர் எழுதிய எந்த வரி, மீறிய எந்த விதி, இனி என்ன எதிர்பார்க்கிறோம், எப்படி மேல்முறையீடு செய்வது என்பதை எழுத்தில் கொடுங்கள். புகார் தந்தவர் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் விவரம் அந்தக் கடிதத்தில் வரக் கூடாது. "இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று பாதிக்கப்பட்டவரை எதிராளி முன் உட்கார வைப்பது கொடுமை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

தவறு செய்பவர்தான் எங்கள் முக்கிய நிரலாளர். அவர் போனால் திட்டமே நின்றுவிடும்.

பெரும்பாலான விசாரணைகள் முடங்குவது இங்கேதான். அவரைத் தாங்கிக்கொள்ள முடியாமல் சத்தமின்றி விலகிப் போனவர்களின் உழைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2018 செப்டம்பரில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) திட்டமும் அதே மாதம் புதிய நடத்தை விதிகளை ஏற்றது. மாறாக, 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் நெறியாளர் குழு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமல் இருக்கிறது என்பதே அவர்களின் குற்றச்சாட்டு. மேலிருப்பவரைக் கட்டுப்படுத்தாத விதிக்குக் கீழே மதிப்பு இருக்காது.

ஆகவே குற்றம் சாட்டப்பட்டவர் முடிவெடுப்பில் பங்கேற்கக் கூடாது என்று இன்றே எழுதிவையுங்கள். டொமைன், சர்வர், பைபிஐ அல்லது என்பிஎம் (மென்பொருள் தொகுப்புகளை வெளியிடும் தளங்கள்) வெளியீட்டு உரிமை எல்லாம் குறைந்தது இருவர் கையில் இருக்கட்டும். ஒருவர் கையில் மட்டும் இருந்தால், தடை விதித்தாலும் செயல்படுத்த முடியாது. தடைக் கடிதம் போகும் அதே நேரத்தில் மெர்ஜ் உரிமையையும் (மாற்றங்களை மூல நிரலில் சேர்க்கும் உரிமை) நீக்குங்கள். பிந்தினால் கோபத்தில் எதுவும் நடக்கலாம்.

வெளியே, சமூக ஊடகத்தில் செய்ததற்கும் பொறுப்பா?

திட்டத்தின் உறுப்பினரைக் குறிவைத்துத் துன்புறுத்தினால், ஆம். அரசியல் கருத்து வேறுபாடு மட்டும் என்றால், இல்லை.